மிதித்த கால்

இது நான் கண்ணால் பார்த்தது இல்லை. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோகிலவாணி அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது. அவருக்கு அவர் கணவர் நவநீதன் சொன்னது. அவரும் ஒரே மூச்சில் சொல்லவில்லையாம். கொசுவலை கட்டும்போது கொஞ்சம், வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம் என்று விட்டுவிட்டுத்தான் வந்ததாம். ஆகவே நடந்ததெல்லாம் அவருடையது. நினைப்பில் பாதிக்கு மேல் அவருடையது. மீதி, "அவரு அப்படித்தான் நெனச்சிருப்பாரு, எழுதிக்கோ" என்று அக்கா உறுதி கொடுத்தது. என்னைவிட மூத்தவரைக் கதையில் 'அவன்' என்று எழுதலாமா என்றும் கேட்டுக்கொண்டேன். "தாராளமா" என்றார் அக்கா.

"மிதிங்க தம்பி. விடுங்க. மிதிங்க. விடுங்க. மிதிங்க, இப்பப் புடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுத்துறாதீங்க. எடுத்தீங்கன்னா காத்து உள்ள பூந்துரும், அப்பறம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்" என்று காருக்கு அடியில் இருந்த குழியிலிருந்து மெக்கானிக் ஆரோக்கியத்தின் குரல் வந்தது. அதற்குப் பிறகு பாட்டு ஒன்று பாதி வந்து நின்றது.

நவநீதன் இடது காலால் கிளட்ச் பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி அம்பாசிடரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கார் மாமனாருடையது. கார்தான் மாமனாருடையது, அதன் மூக்குக்குள் இப்போது உட்கார்ந்திருக்கிற இன்ஜினும் கியர்பாக்ஸும் போன மாதம் வரை கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த ஒரு கான்டெஸா காருக்குள் கிடந்தவை. பழையதில் கிளட்ச் வெறும் இரும்புக் கம்பியில் வேலை செய்தது. புதியது எண்ணெயில் வேலை செய்யுமாம். பெடலை மிதித்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் தள்ளும், எண்ணெய் தள்ளினால் கிளட்ச் விடும், குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் அத்தனையும் வீண். அந்தக் காற்றை வெளியேற்ற மேலே ஒருவர் மிதிக்க வேண்டும், கீழே ஒருவர் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஆரோக்கியம் திறந்தார், பெடல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மூடினாரா? மூடியிருந்தால் சொல்லியிருப்பாரே. ஆரோக்கியம் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. ஸ்பேனரோடு பேசுவார், போல்ட்டைத் திட்டுவார், கழன்று வராத நட்டை அதன் அம்மாவோடு சேர்த்து விசாரிப்பார், இடையில் பாட்டு வேறு. அப்படிப்பட்டவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம். நவநீதன் ஒரு கல்லூரியில் நூலகர். பகல் முழுவதும் 'சத்தம் போடாதீங்க' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அமைதி இவ்வளவு கெட்டது என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. "ஆரோக்கியண்ணா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். பதில் இல்லை. குழிக்குள் பாம்பு இருக்குமோ. நெஞ்சு வலியோ. குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு வலி வரும் என்று எங்கோ படித்த ஞாபகம், இல்லை, அது உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது நூலகர்களுக்கு. போலீஸ்காரர் வந்து விசாரிப்பார். கடைசியா யாரு பாத்தீங்க? பாக்கலீங்க, கேட்டேன். என்ன சொன்னாரு? விட்றாதீங்கன்னு சொன்னாருங்க. நீங்க என்ன பண்ணீங்க? விடலீங்க. எத்தன நேரமா விடல? இன்னும் விடலீங்க சார், அவரு சொல்லலீங்களே. இறங்கிப் போய்ப் பார்க்கலாம்தான். இறங்கினால் காலை எடுக்க வேண்டும். எடுத்தால் காற்று புகும். உயிரோடு இருக்கிற ஆரோக்கியம் காற்றுப் புகுந்ததற்காகத் திட்டுவதும், செத்துப்போன ஆரோக்கியத்துக்காகத் தான் காலை எடுக்காமல் இருந்ததும், இந்த இரண்டில் எது மோசம் என்று அவன் தராசில் போட்டுப் பார்த்தான். தட்டு அவன் நினைத்தபடி சாயவில்லை. கால் அப்படியே இருந்தது.

கெண்டைக்கால் சதை முறுக்கத் தொடங்கியது. முட்டியின் மேல் ஓர் எறும்பு, எங்கே போவது என்று தெரியாமல் நின்று, வந்த வழியே திரும்பி, மறுபடி நின்றது. பக்கத்து லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடையும் சத்தம். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்திருக்கலாம். எல்லா நினைப்பும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளுக்கம்பியில் வேட்டி மாட்டுவது போல. "தண்ணி மட்டும் பாத்துக்குங்க மாப்ள, மத்ததெல்லாம் வண்டியே பாத்துக்கும்" என்று சொல்லித்தான் மாமனார் சென்னியப்பன் மூத்த மகளின் பிரசவத்துக்காக ஓசூருக்குப் போகுமுன் கார் சாவியைக் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். பொண்ணைக் கொடுத்தபோதுகூட அவர் கையில் அவ்வளவு பதற்றம் இல்லை என்று கோகிலவாணி இன்றைக்கும் சொல்கிறாள். நவநீதன் தினமும் தண்ணீர் பார்த்தான். காரை எடுக்காத நாளிலும் பார்த்தான். பார்த்துப் பார்த்து, பார்க்காத நாள் ஒரே ஒரு நாள், கோத்தகிரியில் சொந்தக்காரர் ஒருவர் புதுவீடு புகுந்த அன்று. கிளம்பும் நேரத்தில் மாமனாரின் தங்கை பொன்னாத்தா அத்தை முறுக்கு டின்னை எங்கே வைப்பது என்று கேட்டார், அதில் தண்ணீர் மறந்துபோயிற்று. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது பானட் ஓரத்தில் இழையாக ஒரு வெள்ளை எழுந்தது. அவன் பார்த்தான். முதலில் பார்த்தவன் அவன்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் பேசியவர் பொன்னாத்தா அத்தை. "பாரு கண்ணு, பனி எப்படி எறங்குது! மலைன்னா மலைதான்" என்று சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பனி. அவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. பனிதான், வேறென்ன. சூடு காட்டுகிற முள் பல வருஷமாகவே எழுந்திருக்காமல் படுத்துக் கிடக்கிறது, அதனிடம் கேட்க முடியாது. பனியில் வெந்த ரப்பர் வாசம் வருமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அவன் மலைக்கெல்லாம் அதிகம் போனதில்லை, வரலாம் என்று வைத்துக்கொண்டான். வைப்பரைப் போட்டான். பனி வைப்பருக்கு அந்தப் பக்கமும் இருந்தது. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார், இவன் வேகமாகப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். அப்போது அத்தை சொன்னார்: "மாப்ள எவ்வளவு பதமா ஓட்டறாரு, எங்கண்ணன் ஓட்டற மாதிரியே." அதற்குப் பிறகு ஒரு மனிதன் எப்படி வண்டியை நிறுத்துவான்? யாராக இருந்தாலும் இன்னும் ஒரு வளைவு ஓட்டத்தான் செய்வார்கள். இன்னும் ஒரு வளைவு ஓட்டினான். அம்மிக்குள் ஆணி விழுந்தது போல ஒரு சத்தம், அப்புறம் வண்டி தானாகவே நின்றது, நின்ற பிறகும் பனி மட்டும் வந்துகொண்டிருந்தது. "பனி சாஸ்தியானா வண்டி கூட வெறைச்சுப் போகுமாட்ட இருக்குது" என்றார் அத்தை, முறுக்கு டின்னைத் திறந்துகொண்டே. கோகிலவாணி மட்டும் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தெரிந்தது.

அத்தை அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டுப் பனியைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "அப்படியா" என்றாராம். அந்த 'அப்படியா'வை நவநீதன் இத்தனை நாளும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பழைய புத்தகத்தில் முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடுவது போல. சும்மா சொன்ன அப்படியாவா, தெரிந்து சொன்ன அப்படியாவா. வாராவாரம் அவர் இவனுக்கும் போன் செய்தார். "வண்டி எப்படி இருக்குதுங்க மாப்ள?" "இருக்குதுங்க மாமா." இதில் பொய் எங்கே இருக்கிறது? இருந்தது. பட்டறையில், இன்ஜின் இல்லாமல், பல் பிடுங்கிய வாய் மாதிரி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இருக்கத்தான் செய்தது. "அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று கோகிலவாணி சொன்னாள். சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பான், மாமனார் அந்தப் பக்கம் பேரப்பிள்ளை கொட்டாவி விட்டதைச் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கிற மனிதரிடம் உங்கள் இன்ஜின் செத்துப்போயிற்று என்று எப்படிச் சொல்வது. அவர் தினமும் காலையில் ஆயில் குச்சியை உருவித் தன் தோள் துண்டாலேயே துடைத்துப் பார்க்கிறவர். கோகிலவாணி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இந்த வண்டியில்தான். "இன்ஜின் பிளாக்கே வெடிச்சுப் போச்சுங்க தம்பி, இது இனி அம்மிக்கல்லு" என்று ஆரோக்கியம் சொன்னபோது நவநீதனுக்கு ஏனோ குழந்தை கோகிலவாணி நடு ரோட்டில் நிற்பது போல் தோன்றியது.

உக்கடத்துக் கடைக்காரர் அந்தக் கான்டெஸாவைக் காட்டி, "டாக்டர் வண்டிங்க, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போன இன்ஜின்" என்று சத்தியம் செய்தார். நவநீதனுக்குத் தெம்பாக இருந்தது. வெளியே வந்ததும் ஆரோக்கியம் சிரித்தார். "உக்கடத்துல விக்கற இன்ஜின் அத்தனையும் டாக்டர் ஓட்டுனதுதான் தம்பி. கோயமுத்தூர்ல அத்தன டாக்டர் கெடையாது." இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடியாகத்தான் வரவேண்டும், பிரித்தால் இரண்டும் வாழாது என்றும் அவரே சொன்னார். அப்புறம் வெட்டினார், ஒட்டினார். இன்ஜின் உட்காரும் மவுண்டிங்கை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்தார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கினார். எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், தரையை உளியால் வெட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும், கையால் தூக்கிப் போடலாம். புதிய கியர் ராடு தரையைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது, முன்சீட்டுக்கு முன்னால், நட்ட நடுவில், வாழைக்கன்று மாதிரி. இதை எப்படி மறைப்பது? முதலில் பழைய ராடைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "அது எதுலயும் சேராதுங்களே தம்பி" என்றார் ஆரோக்கியம். "சேர வேண்டாம், இருக்கட்டும்." புதிய ராடின் மேல் தலையணை வைக்கலாம். தலையணைக்கு நடுவில் கூம்பாக நிற்கும். கூடை கவிழ்க்கலாம். கூடையைக் கவிழ்த்துவிட்டு எப்படிக் கியர் போடுவது. அந்த இடத்தில் எப்போதும் ஒரு பலாப்பழம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம் என்று கூட ஒரு நாள் யோசித்தான், அதைக் கோகிலவாணியிடம் சொல்லவும் செய்தான், அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்ஜின் நம்பர் வேறு இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பரை மாற்ற வேண்டும் என்றால் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமையாளருக்குத் தெரியாமல் உரிமையாளரிடம் கையெழுத்து. மாமா, நூலகத்துக்குப் புத்தகம் நன்கொடை, இங்க ஒண்ணு போடுங்க. சே. சத்தம் இன்னொரு கண்டம். பழையது கடகடவென்று ஓடி நடுநடுவே இருமும், அந்த இருமலைக் கேட்டே மாமனார் மழை வருமா வராதா என்று சொல்வார். இது டாக்டர் வீட்டு இன்ஜின், இருமாது.

"மவுண்டிங் சரியா உக்காந்துட்டா இது இந்த வண்டியோட இன்ஜின் இல்லேன்னு யாருமே சொல்ல முடியாதுங்க. உக்காரலீன்னா, ஓடறப்பல்லாம் அதுர்ற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்று ஆரோக்கியம் சொன்னதிலிருந்து இன்னொரு தொந்தரவு தொடங்கியிருந்தது. அவனும் அந்த வீட்டுக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டவன்தான். கல்யாணமான புதிதில், "காலேஜுக்குப் பக்கம், எங்க வீட்ல எடம் சும்மா கெடக்குதுங்க" என்று மாமனார்தான் கூப்பிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும். குளியலறையில் தன் துண்டைத் தொங்கவிட ஓர் ஆணி வேண்டும் என்று கேட்க அவனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கேட்ட அன்றைக்கே மாமனார் இரண்டு ஆணி அடித்தார். ஒன்றில்தான் இன்னும் தொங்கவிடுகிறான், இரண்டாவது எதற்கு என்று கேட்கவில்லை. அப்படி அவன் ஓடும்போது அதிர்கிற சத்தம் அவருக்குக் கேட்கிறதோ? ஒரே ஒரு பொருளை நம்பிக் கொடுத்தார். அதையும் பனி என்று சொல்லிக் கொதிக்க வைத்துவிட்டேன். நாளை மறுநாள் அவர் வருகிறார். அதற்குள் வண்டி ஓட வேண்டும், ஓடினால் ஒருவேளை, ஒருவேளை என்ன? முன்பக்க மட்கார்டின் மேல் வைத்திருந்த அவன் போன் துடிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால் தலைகீழாகக் 'கோகிலா' என்று தெரிந்தது. கையை ஜன்னல் வழியாக நீட்டினான், எட்டவில்லை, இன்னும் நீட்டினால் கால் வந்துவிடும். போன் கவிழ்ந்த வண்டு மாதிரி துடித்துத் துடித்து நகர்ந்தது, நின்றது, மறுபடி துடித்தது, திறந்திருந்த பானட்டுக்குள் விழுந்தது. உள்ளே எங்கேயோ இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு 'உர்ர், உர்ர்' என்றது. சாப்பிட வரச்சொல்வாள். வேறென்ன இருக்கப்போகிறது. கார் சுவரைப் பார்த்து நின்றது, பின்னால் இருக்கும் வாசல் தெரியாது. தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது, வியர்வையோடு. அப்புறம் நெற்றிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. பனி என்று நினைத்தான். உண்மையாகவே ஒரு நொடி அப்படித்தான் நினைத்தான். அது வேட்டி.

இடதுபக்கக் கதவு திறந்தது. திருநீறும் பஸ் வாசமுமாக மாமனார் சென்னியப்பன் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இருங்க இருங்க மாப்ள, எந்திரிக்காதீங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. இடுப்பை மட்டும் பாதி தூக்கி, இடது கால் பெடலில் இருக்க, உடம்பை ஒரு பக்கம் கோணிக்கொண்டு கேட்டான். "வாங்க மாமா. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானுங்க. பேரனுக்குப் பேரு வெச்சாச்சு, அங்க நமக்கென்ன வேல. வீட்டுக்குப் போனேன், வண்டியக் காணோம். சர்வீசுக்குப் போயிருக்குதுன்னா கோகிலா. செரின்னு ஆட்டோ புடிச்சு வந்துட்டேன்." காதைச் சாய்த்தார். "என்னுங்க மாப்ள, இன்ஜின் ஓடிட்டா இருக்குது?"

"இல்லீங்க மாமா. அது போனுங்க."

"கோகிலாதான் இருப்பா. நா வர்றேன்னு உங்களுக்குச் சொல்லப் பாக்கறா."

அப்புறம் இருவரும் முன்னால் தூக்கி நின்ற பானட்டைப் பார்த்தார்கள். பானட்டில் ஒன்றும் இல்லை. மாமனாரின் கண் மெல்லக் கீழே இறங்குவது நவநீதனுக்குப் பார்க்காமலே தெரிந்தது. அவன் கை தானாகப் போய்ப் புதிய கியர் ராடின் தலையை மூடிக்கொண்டது, சபையில் தலைத்துண்டு இல்லாதவன் வழுக்கையைக் கையால் மூடுவது போல.

"அது என்னுங்க மாப்ள?"

"எதுங்க மாமா?"

"கைக்குக் கீழ."

"கியருங்க மாமா."

"அப்ப இது?" என்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த பழைய ராடைக் காட்டினார்.

"அதுவும் கியருங்க."

"ரெண்டு கியருங்களா?"

"ஆமாங்க. ஒண்ணு இது. இன்னொண்ணு..."

சென்னியப்பன் பழைய ராடை இரண்டு விரலால் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அது கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது சொல்ல வேண்டிய பொய்கள் எல்லாம் தயாராக இருந்தன. டியூனிங் பண்ணினோமுங்க. புது மாடலில் இப்படித்தான் வருதுங்க. அரசாங்கத்துல சொல்லிட்டாங்க மாமா, தரையிலும் ஒரு கியர் இருக்கோணும்னு. ஒவ்வொன்றாக வாய்வரை வந்து திரும்பிப் போயின. கெண்டைக்கால் கல்லாகி, தொடை உதறியது, உதறலில் வண்டியே லேசாக ஆடுவது போல் இருந்தது. எழுந்து ஓடிவிடலாம். எப்படி ஓடுவது, காலை எடுத்தால் காற்று புகுமே. இந்த நேரத்தில்கூட அந்தக் காற்றைப் பற்றி ஏன் கவலைப்படுகிறேன் என்று அவனுக்கே கோபம் வந்தது. பிடித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்த ஒன்றையாவது பிடித்துக்கொண்டிருக்கலாமே என்றும் தோன்றியது. பழைய ராடு மாமனாரின் மடியில் நடக்க மாட்டாத குழந்தை போலக் கிடந்தது. அவர் அதைத் துண்டால் துடைத்தார். வேறு எதுவும் செய்யவில்லை, துடைத்தார், அவ்வளவுதான்.

"மாமா, அது பனி இல்லீங்க."

"எதுங்க மாப்ள?"

"கோத்தகிரில. அத்தை சொன்னாங்களே. அது பனி இல்லீங்க மாமா, நம்ம வண்டிதானுங்க. நான் அன்னிக்குத் தண்ணி பாக்கலீங்க. பொகையப் பாத்த பொறவும் வண்டிய நிறுத்தலீங்க."

சென்னியப்பன் துடைப்பதை நிறுத்தினார். "தெரியுமுங்க" என்றார். "சித்திர மாசம், மத்தியான வெயிலு. பொன்னாத்தா போன்ல சொல்றா, பனின்னா பனி அண்ணா, நம்ம வண்டிக்கு முன்னால மட்டுந்தான் பனி, பின்னால வந்தவனுக்கெல்லாம் பளிச்சுன்னு வெயிலுன்னு. அப்படியான்னு மட்டும் கேட்டுட்டுப் போன வெச்சுட்டேன்."

"நீங்க கேக்கவே இல்லீங்களே மாமா."

"கேட்டனே. வாராவாரம் கேட்டனே, வண்டி எப்படி இருக்குதுன்னு. இருக்குதுங்கன்னீங்க. செரி, சொல்றப்பச் சொல்லட்டும்னு விட்டுட்டேன். நாந்தான் அவசரப்பட்டு ரெண்டு நா முன்னாலயே வந்துட்டேன், மனசு கேக்கல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பழைய இன்ஜின் எங்க?"

"பின்னால தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்குதுங்க."

"வித்துடலீங்களே?"

"இல்லீங்க மாமா."

"செரி." மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார், அதே துண்டுதான், அதில் கிரீஸ் இருந்தது, மூக்கு கறுத்தது. பிறகு வேறு குரலில், புதிய ராடைக் காட்டிக் கேட்டார். "இது எத்தன கியருங்க?"

"அஞ்சுங்க மாமா."

"அஞ்சா?" சென்னியப்பன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார், யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல. "ஐயோ, இத்தன வருசம் நாலுலயே ஓட்டிட்டமே. கைய எடுங்க மாப்ள, பாப்போம். கிளட்ச மிதிங்க."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க மாமா."

அவர் ராடைப் பிடித்தார். ஒன்றில் போட்டார், இரண்டில் போட்டார், ஐந்து எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதில் போட்டு, எடுத்து, மறுபடி அதிலேயே போட்டார். சுவரைப் பார்த்து நின்ற வண்டியில் இருவரும் ஐந்தாவது கியரில் கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு சென்னியப்பன் காலால் தரையைத் தட்டினார். "டேய் ஆரோக்கியம். எவ்வளவு நேரண்டா மூச்சப் புடிச்சுட்டு இருப்ப? வெளிய வா."

குழியிலிருந்து சத்தம் வந்தது. "அடடே, வாங்கய்யா. எப்ப வந்தீங்க? கவனிக்கவே இல்லீங்களே."

"கவனிச்சே. வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு இருந்தேன், என்ற செருப்பப் பாத்தொடனே பாட்ட நிறுத்துனியே. நா போன்ல கேட்டதுக்கு ஆயில் மாத்தறோம்னு சொன்னியே?"

"ஆயிலும் மாத்துனனுங்க. இன்ஜினோட சேத்து மாத்துனேன்."

"ஆரோக்கியண்ணா, நீங்க உயிரோடதான் இருக்கறீங்களா?" என்றான் நவநீதன்.

"இருக்கறனுங்க தம்பி. ஏன்? அடப்பாவி, இன்னுமா மிதிச்சுட்டு இருக்கறீங்க?"

"நீங்க சொல்லலீங்களே."

"விடுங்க தம்பி, விடுங்க."

அவன் விட்டான். கால் விடவில்லை. எங்கிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அது பெடலின் மேலேயே மரத்துக் கிடந்தது. சென்னியப்பன் பழைய ராடைப் பின்சீட்டில் போட்டுவிட்டுக் குனிந்தார். சாவியைக் கொடுத்தாரே, அதே போல இரண்டு கையாலும் மாப்பிள்ளையின் காலைப் பிடித்துத் தூக்கிப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "ஐயோ மாமா, கால நீங்க" என்று நவநீதன் பதறினான். "சும்மா இருங்க, உங்களுக்கு வலிக்கும்" என்றார் அவர்.

அன்று மாலையே நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டி வீட்டுக்குப் போயிற்று. மாமனார்தான் ஓட்டினாராம். புதிய இன்ஜின் இருமாததால் மழை வருமா என்று அவருக்கு இப்போது தெரிவதில்லை என்று அக்கா சொன்னார். அன்று காலடியில் அந்தப் பெடல் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். "மாமான்னு கூப்டுட்டே கேட்டத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு ஓடியிருப்பாரு, பனின்னே இன்னும் சொல்லிட்டு இருப்பாரு" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கேட்டேன். நிப்பிளை இறுக்கி மூடிவிட்டால் அதற்கப்புறம் பெடலில் கால் இருந்தாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான், காற்று புகாது என்றார். நம்பாமல் இன்னொரு பட்டறையிலும் கேட்டேன், அங்கும் அதையே சொன்னார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை கணபதி என்ற பகுதியில் இருக்கும் பட்டறைக்கே போய் ஆரோக்கியத்தையே பார்த்து விசாரித்தேன். வாசலில் அந்தச் செருப்பைக் கண்டதும் அவர் செய்த முதல் வேலை, நிப்பிளை இறுக்கி மூடியதுதானாம்.